எலும்பு கொடுக்கும் உள்கடன்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எந்தக் குழுவுக்குப் போனாலும் நாம் கேட்கிற வார்த்தை இது: "இடுப்பு வலிதானுங்க, பனியன் கம்பெனிக்குப் போனா எல்லாத்துக்கும் இருக்கறதுதானே." பவர் டேபிளில் நாள் முழுக்கக் குனிந்து தைத்தால் முதுகுத் தசை இறுகி வலிக்கும். மணிக்கு ஒருமுறை எழுந்து நிமிர்ந்தால் அது குறையும். ஆனால் வலிக்காமலே வருகிற ஆபத்து ஒன்று உண்டு. அது எலும்பு மெலிவது.

நம் உடம்பில் 206 எலும்புகள். அவை நம்மை நிமிர்த்தி நிறுத்துகின்றன. மூளை, இதயம், நுரையீரலைக் காக்கின்றன. உள்ளே இருக்கும் மஜ்ஜையில்தான் ரத்தம் உற்பத்தியாகிறது. எலும்பு காய்ந்த கட்டை இல்லை. பழையது கரைந்து புதியது வளர்ந்துகொண்டே இருக்கும்.

இதை நம் குழுக் கணக்கு மாதிரி பாருங்கள். உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் சேமிப்பாக இருக்கிறது. இதயம் துடிக்கவும் தசை அசையவும் அந்தச் சத்து ரத்தத்தில் இருந்தே ஆக வேண்டும். சாப்பாட்டில் வராவிட்டால், ரத்தம் எலும்பிடம் உள்கடன் வாங்கும். நாம் சாப்பிட்டுத்தான் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சேமிப்பு கரைந்துபோகும்.

சேமிப்புக் கூடுவது ஏறக்குறைய 30 வயது வரைதான். மாதவிடாய் நின்ற பிறகு 5 முதல் 7 ஆண்டுகளில் 20 சதவீதம் வரை குறையலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இது சின்ன வயதிலேயே தொடங்கிவிடும். அப்புறம் லேசாக வழுக்கி விழுந்தாலே மணிக்கட்டும் இடுப்பும் முறியும்.

அதனால்தான் நம் பெண் பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படுகிறோம். பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் கம்பெனி வேன் ஏறுகிறார்கள். காலையில் டீயும் பன்னும். வெயில் படாமலே பொழுது போய்விடுகிறது. சேமிக்க வேண்டிய வயதில் கணக்குக் காலியாக இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லி கிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. 100 கிராம் ராகியில் சுமார் 350 இருக்கிறது. அரிசியில் 10 கூட இருப்பதில்லை. ராகிக் களி, முருங்கைக்கீரை, எள்ளு, மோர், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் நம்மூரில் கிடைப்பவைதான். சத்து உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். லீவு நாளில் 11 மணிக்கு மேல் அரை மணி நேரம் கை கால்களில் வெயில் படட்டும்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். சுவரில் அளந்து, ஒவ்வொருவர் உயரத்தையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். வருடம் ஒருமுறை அளப்போம். இளவயதில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பு நொறுங்கியிருக்கலாம். உடனே ஈ.எஸ்.ஐ. அட்டையோடோ, அரசு மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள்.

சந்தா கட்டத் தவறாத நாம், இந்தக் கணக்கையும் தவறவிட வேண்டாம்.