வோல்டேஜ் குறைந்தால் ஆபத்து குறையுமா?

வோல்டேஜ் எகிறினால் எல்லோரும் பதறுகிறோம். டிவி போய்விடும், பல்பு வெடித்துவிடும் என்று ஓடிப்போய் மெயினை அணைக்கிறோம். லோ வோல்டேஜ் வந்தாலோ ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்று அலுத்துக்கொள்வதோடு சரி. பள்ளிப் பாடமும் இந்த அலட்சியத்துக்குத் துணை நிற்பது போலத்தான் தெரியும். ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதிப்படி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் கிடைப்பது மின்தடை. மின்தடை மாறாமல் இருந்தால், வோல்டேஜ் குறையும்போது மின்னோட்டமும் குறையும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வரும் வாட்டும் குறையும். பிறகு ஆபத்து எங்கிருந்து வரும்? கணக்கில் பிழை இல்லை. ஆனால் ‘மின்தடை மாறாமல் இருந்தால்’ என்ற நிபந்தனையை நாம் மறந்துவிடுகிறோம். ஓசூரின் வீடுகளிலும் பட்டறைகளிலும் ஓடுகிற கருவிகளில் பலவும் அந்த நிபந்தனைக்கு அடங்குவதில்லை.

அடங்குகிற கருவியை முதலில் பார்த்துவிடுவோம். ஓசூரின் மார்கழிக் குளிருக்கு வெந்நீர் போடும் ஹீட்டரில் 230 வோல்ட், 2,000 வாட் என்று எழுதியிருக்கும். 2,000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26 ஓம். இந்த 26 ஓம்தான் ஹீட்டரின் சொந்தக் குணம்; 2,000 வாட் என்பது 230 வோல்ட் வந்தால் மட்டும் நிறைவேறும் வாக்குறுதி. வீட்டுக்கு 180 வோல்ட்தான் வருகிறது என்றால் மின்னோட்டம் 6.8 ஆம்பியராகிறது, திறன் 1,225 வாட்டாகச் சுருங்குகிறது. வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்ததற்கே திறன் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. ‘நல்லதுதானே, பில் குறையும்’ என்று நினைக்க வேண்டாம். அதே தண்ணீர் சூடாக ஒன்றரை மடங்குக்கும் மேலான நேரம் ஆகும், யூனிட் குறையாது.

இனி மோட்டாருக்கு வருவோம். 1970-களில் ஓசூருக்கு சிப்காட் தொழிற்பேட்டை வந்து, பின்னர் அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் ஆலை அமைத்த பிறகு, அவற்றைச் சுற்றி ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறைகளும் சிறு ஷெட்டுகளும் பெருகின. அங்கே ஓடும் கம்ப்ரஸர் மோட்டாருக்கு, வோல்டேஜ் குறைந்தது என்பதால் வேலை குறைவதில்லை. தொட்டியில் ஏற்ற வேண்டிய காற்றின் அழுத்தம் அதேதான். வோல்ட் குறைந்த பங்கை ஆம்பியரைக் கூட்டித்தான் மோட்டார் ஈடுகட்டுகிறது. மின்சார ஸ்கூட்டர் சார்ஜரும் அப்படியே. ஓசூரில் ஏதரும், போச்சம்பள்ளி அருகே ஓலாவும் 2021-லிருந்து ஸ்கூட்டர் தயாரிக்கின்றன. டிவிஎஸ்ஸும் களத்தில் இருக்கிறது. 750 வாட் சார்ஜர் ஒன்று 230 வோல்ட்டில் 3.3 ஆம்பியர் எடுக்கும், 180-ல் 4.2 ஆம்பியர். இது பெரிய வித்தியாசமாகத் தெரியாமல் போகலாம். ஆனால் ஒயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று விஞ்ஞானி ஜூல் 1840-களிலேயே காட்டிவிட்டார். அதன்படி ஒயரின் சூடு 1.6 மடங்கு.

மோட்டாரின் காயிலும் ஒயர்தானே, ஓம் விதி அதற்கு மட்டும் பொருந்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். காயிலை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் மூன்று ஓம் காட்டுகிறது என்று கொள்வோம். 230-ஐ மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய 77 ஆம்பியர். ஓடுகிற மோட்டாரின் ஆம்பியரை டாங் டெஸ்டரில் பார்த்தாலோ 12-தான் இருக்கும். மீதியைத் தடுப்பது, மாறுமின்னோட்டத்தாலும் சுழற்சியாலும் காயிலுக்குள்ளேயே உண்டாகும் எதிர் மின்னழுத்தம். மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் அந்தத் தடுப்பில் பெரும்பகுதி போய்விடும். வழக்கமான ஆம்பியரைப்போலப் பல மடங்கு பாயும். லோ வோல்டேஜில் நடப்பது இதுதான். கிளம்பும்போது கிடைக்கும் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறைகிறது, 180 வோல்ட்டில் 61 சதவீதம்தான் மிஞ்சும். மோட்டார் ‘உம்’மென்று முனகிக்கொண்டு நிற்கும். மின்னோட்டம் மிகுந்தால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே இல்லாவிட்டால் காயில் கட்டும் கடைக்குத்தான் போக வேண்டும்.

ஸ்டெபிலைசர் போட்டால் தீராதா? கருவிக்குத் தீரும், ஒயருக்குத் தீராது. ஸ்டெபிலைசர் மின்சாரத்தை உற்பத்தி செய்வதில்லை; வெளியே வோல்ட்டைக் கூட்டிக் கொடுக்க, உள்ளே கூடுதல் ஆம்பியரை இழுக்கிறது. மெல்லிய ஒயர் இன்னும் சுடும், வோல்டேஜ் இன்னும் இறங்கும். அதனால், கோளாறு எங்கே என்று தெரியாமல் ஸ்டெபிலைசர் வாங்குவதை வீண் செலவு என்பேன். தெரிந்துகொள்ள அதே இரண்டு கணக்குகள் போதும். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டர் பெட்டியில் 225 வோல்ட், ஐம்பது மீட்டர் தள்ளி மோட்டாரில் 203, மின்னோட்டம் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் காணாமல் போனது 22 வோல்ட். 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.8 ஓம்; போக வர நூறு மீட்டருள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரின் மின்தடை அதுவே. 12-ஆல் பெருக்கினால் 264 வாட். அத்தனையும் ஒயரைச் சூடாக்கவே செலவாகிறது, மீட்டரிலும் ஏறுகிறது. பவர் ஃபேக்டரைச் சேர்த்தால் எண்கள் கொஞ்சம் முன்பின் ஆகும், முடிவு மாறாது. இரண்டரை சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மாறினால் இழப்பு சுமார் 107 வாட்டாக இறங்கிவிடும். மாடியிலிருந்து ஸ்கூட்டருக்கு எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். மிச்ச ஒயரைச் சுருட்டியே வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

மின்சாரம் ஓடும்போது அளப்பது பழகியவர் வேலை. உங்கள் எலக்ட்ரீஷியனை மீட்டரிலும் மோட்டாரிலும், இரண்டு இடத்திலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மோட்டாரில் மட்டும் குறைந்தால் ஒயரை மாற்றுங்கள். மீட்டரிலேயே குறைந்தால் அது மின்வாரியம் சரிசெய்ய வேண்டியது. அதன் ‘மின்னகம்’ சேவை மையத்தின் புகார் எண் 94987 94987.