கண்ணிமை மேல மஞ்சள் தகடு: வெட்டி எடுத்தா முடிஞ்சுதா?

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டுக்குப் பதில். அனுப்பர்பாளையத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருந்தாங்க, பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. "அண்ணா, அம்மாவுக்கு ரெண்டு கண்ணு இமையிலயும் மூக்கோரமா மஞ்சளா திட்டு இருக்குதுங்க. வலி எதுவும் இல்லை. தை மாசம் எனக்குக் கல்யாணம். போட்டோல நல்லா இருக்காதுன்னு அம்மா வருத்தப்படுறாங்க. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமுங்களா?"

எடுக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. நான் டாக்டர் இல்லை, கோடு எழுதுறவன். படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன், முடிவை டாக்டர்கிட்ட எடுங்க.

இதுக்குப் பேர் ஸாந்தெலாஸ்மா. கிரேக்கச் சொல். 'ஸாந்தோஸ்'னா மஞ்சள், 'எலாஸ்மா'ன்னா தட்டி எடுத்த உலோகத் தகடு. பித்தளையும் செம்பும் தட்டிப் பாத்திரம் பண்ற ஊர்ல இருந்து இந்தக் கேள்வி வந்தது எனக்கு ஆச்சரியமா இருந்தது. பட்டறைத் தகடு மாதிரியே தட்டையா, மஞ்சளா, விளிம்பு தெளிவா இருக்கும். மஞ்சள் காமாலைன்னு சிலர் பயந்துக்குவாங்க. அது வேற. காமாலையில கண்ணோட வெள்ளைப் பகுதி மஞ்சளாகும். இது தோலுக்குள்ள இருக்குற விஷயம். கொழுப்பை விழுங்கி உப்பிப்போன செல்கள் ஒரே இடத்துல கூடி நிக்குது, அவ்வளவுதான். பார்வைக்கு ஆபத்தில்லை, புற்றுநோயும் இல்லை.

அப்புறம் என்ன பிரச்னை? டென்மார்க்ல கோபன்ஹேகன் நகரத்துல ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 1976-78ல இதய நோய் இல்லாத 12,745 பேரைப் பரிசோதிச்சுட்டு, 2009 வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. இமையில இந்தத் திட்டு இருந்தவங்களுக்கு மாரடைப்பு வர்ற வாய்ப்பு, இல்லாதவங்களைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கொலஸ்ட்ரால், பிரஷர், புகைப்பழக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகலை. இதைத்தான் ரெண்டு தடவை படிச்சேன். ஏன்னா திட்டு இருக்குறவங்கள்ல சுமார் பாதிப் பேருக்கு ரத்தத்துல கொழுப்பு நார்மலாத்தான் இருக்கும். "ரிப்போர்ட் நார்மல்"னு கையை உதறிட்டுப் போயிட முடியாது.

திட்டை மட்டும் வெட்டிட்டு ரத்தம் டெஸ்ட் பண்ணாம விடுறது, டெஸ்ட் கேஸ் ஃபெயில் ஆகுதுன்னு டெஸ்ட் கேஸையே டெலீட் பண்ற மாதிரி. எங்க துறையில அப்படிச் செய்றவங்க உண்டு, பேர் வேண்டாம்.

அதனால முதல்ல லிப்பிட் ப்ரொஃபைல், சுகர், பிரஷர், தைராய்டு. அம்மாகிட்ட இ.எஸ்.ஐ. கார்டு இருந்தா டிஸ்பென்சரியில கேளுங்க. இல்லைன்னா திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

இப்ப ஆபரேஷனுக்கு வருவோம். மயக்க மருந்து எல்லாம் கிடையாது, இமையில மரத்துப்போற ஊசி மட்டும். திட்டைச் சுற்றிக் கோடு போட்டு, தோலோட சேர்த்து எடுத்துட்டு, முடி மாதிரி மெல்லிசா இருக்குற நூலால தைப்பாங்க. ஒரு வாரம் போல ஆனதும் தையல் பிரிப்பாங்க. சொல்றதுக்கு சிம்பிள். கஷ்டம் எங்கன்னா, நம்ம உடம்புலயே ரொம்ப மெல்லிசான தோல் இமைத் தோல், உபரியாவும் நிறைய இல்லை. கீழ் இமையில அளவுக்கு மேல எடுத்துட்டா இமை வெளிப்பக்கம் திரும்பித் தொங்கும், கண்ணுல தண்ணி வடிஞ்சுட்டே இருக்கும். மேல் இமையில அதிகம் எடுத்தா கண்ணு முழுசா மூடாது. தையல்காரங்களுக்கு இது உடனே புரியும்: துணி பத்தாத இடத்துல கட்டிங் மாத்தித்தான் போடணும். அதனாலதான் பெரிய திட்டுன்னா ஒரே தடவையில எடுக்காம ரெண்டு மூணு தடவையா எடுப்பாங்க. லேசர், ஆசிட் வெச்சு எடுக்குற முறையும் இருக்கு. ஆனா நம்ம நிறத்துத் தோல்ல அந்த இடம் கருத்தோ வெளுத்தோ போகலாம். பியூட்டி பார்லர்ல ஆசிட் வைக்கிறேன்னு யாராச்சும் சொன்னா, தயவுசெஞ்சு எழுந்து வந்துடுங்க. கண்ணுக்கு அரை இன்ச் பக்கத்துல விளையாட்டு வேண்டாம். கண் ஆஸ்பத்திரியில இமை அறுவை சிகிச்சைக்குன்னே டாக்டர்கள் இருக்காங்க, அவங்களைப் பாருங்க.

இன்னொண்ணு, திரும்ப வரும். 1976ல வெளியான ஒரு ஆய்வுல, முதல் ஆபரேஷன் பண்ணவங்கள்ல 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது. ரெண்டாவது தடவை எடுத்தவங்கள்ல 60 சதவீதம். நாலு இமையிலயும் இருந்தவங்களுக்கு இன்னும் மோசம். பழைய கணக்குதான், ஆனாலும் எந்த டாக்டரும் "இனி வரவே வராது"ன்னு உத்தரவாதம் குடுத்தா ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க.

தை கல்யாணம்னா, முந்தின வாரம் போய் நிக்காதீங்க. வீக்கமும் கன்னிப்போனதும் வடிய ரெண்டு வாரம் ஆகலாம், தழும்போட சிவப்பு மங்க சில மாசம்கூட ஆகும். அம்மா பாத்திரத்துக்குப் பாலீஷ் போடுற வேலைன்னு சொன்னீங்க. தையல் இருக்குற நாள்ல அந்தத் தூசிக்குள்ள உட்கார வேண்டாம். சனிக்கிழமை சம்பளத்துல ஒரு வாரம் குறையும், அதையும் கல்யாணச் செலவோட சேர்த்துக் கணக்குப் போட்டுக்குங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாச்சும் சாப்பிட்டா டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

கடைசியா, தங்கச்சி, இது உங்களுக்கு. அம்மாவோட ரிப்போர்ட்ல கெட்ட கொழுப்பு ரொம்ப அதிகமா வந்தா, அது குடும்பத்துல வர்ற வகையா இருக்கலாம். உலகத்துல சுமார் 250 பேருக்கு ஒருத்தருக்கு அது உண்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வயசு சின்னதுன்னு பார்க்காம நீங்களும், உங்க தம்பியும் அதே லேப்ல ரத்தம் குடுத்துடுங்க. ரிப்போர்ட் வந்ததும் இன்னொரு வாய்ஸ் நோட் போடுங்க, கல்யாணப் பத்திரிகையோட.