குளவியும் மிலாறும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குளவி என்றாலே நமக்கு நடுக்கம். மலையில் கூடு கலைந்தால் கூடையைப் போட்டுவிட்டு ஓடுகிறோம். ஓட முடியாதவர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்குகிறோம். ஆனால் நம்மைக் கொட்டாத ஒரு குளவியும் மலையில் இருக்கிறது.

அது கொசு அளவுதான். தேயிலை இலைகளை நூலால் ஒட்டி உள்ளே இருந்து தின்னும் சுருட்டுப் புழுவின் உடம்பில் முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவைத் தின்று வளரும். சுருட்டுப் புழு இந்த நாட்டுத் தேயிலையைப் பாழாக்கிய காலத்தில், 1930களின் நடுவில், ஜாவாவிலிருந்து இந்தக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழு அடங்கியது.

பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அந்த மருந்தில் குளவியும் செத்தது. அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மறுபடி கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு உணவு வலை என்று படிப்பிப்பது இதைத்தான். ஒரு கண்ணி அறுந்தால் வலை முழுதும் தளரும்.

இந்த வலை மண்ணுக்குக் கீழேயும் போகிறது. தேயிலை இலை காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்து, வெயிலின் பலத்தால் சீனியாக்கி, கட்டையும் இலையுமாக வளர்கிறது. காய்ந்த கட்டையின் நிறையில் ஏறக்குறையப் பாதி காபன்; அது காற்றிலிருந்து வந்தது. விழுந்த இலையைப் பூஞ்சணமும் பற்றீரியாவும் மண்புழுவும் தின்கின்றன. பெரும்பகுதி அவற்றின் மூச்சாகக் காற்றுக்கே திரும்புகிறது. மிச்சம் கறுத்த மண்ணாகத் தங்குகிறது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைப்பதும், போட்ட உரம் கானில் ஓடாமல் காப்பதும் அந்த மண்தான்.

நாம் பறிக்கும் கொழுந்து மலையை விட்டுப் போய்விடுகிறது. மலைக்கு மிஞ்சுவது உதிர்ந்த இலை, நிழல் மரத்துச் சருகு, கவ்வாத்து மிலாறு.

அந்த மிலாறைக் கட்டித் தலையில் சுமந்து லயத்துக்குக் கொண்டுவருவது நம் அம்மாமார்தான். அடுப்பெரிக்க வேறு வழியில்லை. அவர்களை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த காபன் ஒரே மாலையில் புகையாகிப் போகிறது. மண் வெளுத்தால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் கிலோ நிறையாது. கிலோ நிறையாவிட்டால் நமக்கு அரைப் பேர்தான்.

2021இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது பட்டதை நாம் மறக்கவில்லை. உத்தரவு போட்டு மண்ணை வளர்க்க முடியாது. ஆண்டுக்கணக்கில் வளர்க்க வேண்டும்.

ஆகவே நிர்வாகத்திடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று:

1. மிலாறின் இலையும் மெல்லிய குச்சியும் மலையிலேயே கிடக்கட்டும். அதற்கு ஈடாக, விறகு மரம் நட நமக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

2. என்ன மருந்து, எதற்கு அடிக்கிறோம் என்று மருந்தடிப்பவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும்.

3. ஆளைக் கொட்டும் குளவிக் கூடு இருக்கும் மலைக்கு, கூட்டை அகற்றும் வரை ஆள் அனுப்பக் கூடாது.

கடிதம் எழுதி வைத்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.