சத்திரக்காரரின் பணி

(நமது பங்கின் பொன்விழாவை முன்னிட்டு, செவிலியர் பயிற்சி பெறும் மாணவ மாணவியர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கோயிலுக்கு வர்ணம் பூசினோம். மாதா கெபியைப் புதுப்பித்தோம். புதிய கொடிமரம் நட்டோம். இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் இந்த ஐம்பது ஆண்டுகளில் இப்பங்கு உலகிற்குக் கொடுத்தது என்ன என்று கணக்குப் பார்க்கப் புகுந்தால், கல்லையும் சுண்ணாம்பையும் எண்ணுமுன் மனிதரை எண்ண வேண்டும். அவ்வாறு எண்ணும்போது, நர்சு வேலைக்குப் படிக்கப் போன நம் வீட்டுப் பிள்ளைகளே நம் கண்முன் முதலில் வந்து நிற்கின்றனர்.

இவர்களுள் சிலருக்கு இவ்வாண்டு, குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யும் வார்டில் ‘போஸ்டிங்’ கிடைத்திருக்கிறது. இதைக் கேட்ட பெற்றோர் சிலர் கலங்கினர். “படிக்கிற பிள்ளைக்கு அங்கே என்ன வேலை?” என்றும், “அது சாவு வார்டாமே சாமி!” என்றும் நம்மிடமே கூறினர். அந்தக் கலக்கத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்லுகிறோம்.

முதலில் அந்தச் சிகிச்சை இன்னதென்று அறிந்துகொள்வோம். நம் எலும்புகளுக்குள்ளே இருக்கும் மென்மையான பொருளே மஜ்ஜை. இரத்தத்தின் சிவப்பணுக்கள், வெள்ளை அணுக்கள், தட்டணுக்கள் யாவும் பிறக்கும் தொட்டில் அதுவே. இத்தொட்டில் பழுதுபட்டால் குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் வரலாம். நல்ல இரத்தம் ஊறாமலே போகலாம். தலசீமியா என்னும் பிறவி நோய் கடுமையாக உள்ள குழந்தைகளோ சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டே வாழவேண்டியவர்கள்.

1957-ஆம் ஆண்டில் டாக்டர் டானல் தாமஸ் என்னும் அமெரிக்கர், ஒருவரின் மஜ்ஜையை மற்றவருக்கு இரத்தக் குழாய் வழியே ஏற்றும் முயற்சியை மருத்துவ உலகிற்கு அறிவித்தார். அன்று சிகிச்சை பெற்றவர்கள் நெடுநாள் பிழைக்கவில்லை. பலர் நம்பிக்கை இழந்த பின்னரும் அவர் தளரவில்லை. 1968-இல் டாக்டர் ராபர்ட் குட் என்பாரும் அவர் குழுவினரும், நோயை எதிர்க்கும் ஆற்றல் இல்லாமலே பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அவனுடைய அக்காளின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றினர். 1990-இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1983-இல் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இச்சிகிச்சை தொடங்கியது. அந்த வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இலேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார் என்பது நினைவில் வைக்கத்தக்கது. முதலில் செவிலியர், மருத்துவரை உருவாக்கும் பள்ளி அதற்குப் பின்னர்தான் வந்தது!

இச்சிகிச்சையைப் ‘பெரிய ஆபரேஷன்’ என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. முதலில் சில நாட்கள் கடுமையான மருந்துகளைச் செலுத்திக் குழந்தையின் பழைய மஜ்ஜையை ஒழித்துவிடுகின்றனர். பின்னர், கொடுப்பவரை மயக்கத்தில் ஆழ்த்தி, இடுப்பு எலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுக்கின்றனர். கொடுத்தவருக்கு அது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். சிலரிடம் அதன் மூல அணுக்களை இரத்தத்திலிருந்தே பிரித்தெடுப்பதும் உண்டு. எடுத்ததை ஒரு பையில் தொங்கவிட்டு, இரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றுகிறார்கள். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அணுக்கள் வழி கேட்காமலே எலும்பைத் தேடிப் போய்க் குடியேறுகின்றன. படைத்தவரின் ஞானத்தை இதிலே வியவாதிருக்க முடியுமோ?

கடினமானது இதற்குப் பின்னர் வரும் நாட்களே. புதிய மஜ்ஜை வேர்பிடிக்க இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை குழந்தையின் உடலில் வெள்ளை அணுக்கள் இல்லை என்றே சொல்லலாம். காவலாளி இல்லாத கோட்டை அது. வாயெல்லாம் புண்ணாகி எச்சில் விழுங்கவும் வலிக்கும். மற்றவர்க்குச் சாதாரணமான காய்ச்சல் அங்கே அபாய மணியாகும். வெள்ளை அணுக்கள் இல்லாதபடியால் சீழும் வீக்கமும்கூடத் தோன்றாமல், இலேசான காய்ச்சல் ஒன்றே உள்ளே நுழைந்த கிருமிக்கு அடையாளமாக இருக்கக்கூடும்.

நல்ல சமாரியன் உவமையை நாம் அனைவரும் அறிவோம். அடிபட்டவனைக் கண்டு இரங்கிக் காயங்களைக் கட்டிய சமாரியனைப் போற்றுகிறோம். அது முறையே. ஆனால் மறுநாள் அவன் இரண்டு வெள்ளிக்காசுகளைக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டுப் போகிறான். அதன்பின் அடிபட்டவனுக்கு நாள்தோறும் கட்டுமாற்றி, கஞ்சி கொடுத்து, இரவில் முனகும்போது விளக்கேற்றிப் பார்த்தவர் யார்? சத்திரக்காரர் அன்றோ! அவருடைய பெயரும் நமக்குத் தெரியாது. அவர் பேசிய ஒரு சொல்லும் எழுதப்படவில்லை. மஜ்ஜையை ஏற்றும் வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. அதற்குப் பிந்திய முப்பது நாட்களும் சத்திரக்காரரின் நாட்கள். செவிலியரின் பணி அதுவே.

அங்கே பயிற்சி மாணவிக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். கடுமையான மருந்துகளை அவள் செலுத்துவதில்லை. அது தேர்ந்த செவிலியரின் பொறுப்பு. மூத்தவரின் பார்வையில் அவள் காய்ச்சல் பார்க்கிறாள்; குடித்த நீரையும் கழித்த நீரையும் அளந்து எழுதுகிறாள்; வாய்ப்புண்ணுக்கு வாய் கொப்பளிக்க வைக்கிறாள்; தோலில் புதிய தடிப்பு தோன்றியதா என்று பார்க்கிறாள். புதிய மஜ்ஜை குழந்தையின் உடலை அந்நியமெனக் கருதித் தாக்கும்போது, அது பலமுறை தோலில்தான் முதலில் தெரியவரும். இவற்றோடு, வாரக்கணக்கில் ஓர் அறைக்குள் அடைபட்ட பிள்ளைக்கு அக்காவாகவும் இருக்கிறாள். இவையெல்லாம் சிறிய வேலைகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

இப்போது நம் கலக்கத்தைப் பற்றிச் சொல்லுகிறோம். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் மகள் பயிற்சி பெற்ற அவ்வார்டில், அவளோடு படம் வரைந்து விளையாடிய சிறுமி ஒருத்தி இறந்துவிட்டாள். விடுப்பில் வந்த மகள் சரியாகச் சாப்பிடவில்லை. “சாமி, பிள்ள ராத்திரியெல்லாம் தூங்க மாட்டேங்குறா. வேற வார்டுக்கு மாத்தச் சொல்லி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க” என்று அந்தத் தாய் அழுதார். நாம் மறுக்கவில்லை. கடிதம் எழுதிக் கையொப்பமும் இட்டு, ஞாயிறு பூசை முடிந்ததும் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். மகளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவே இல்லை.

அதற்கிடையே சனிக்கிழமையன்று, நம் கிளைக் கிராமத்துச் சிறுவன் ஒருவனைக் காண அதே வார்டுக்குச் சென்றோம். மாதா பீடத்தில் வைத்து மந்திரித்த மல்லிகை மாலை ஒன்றையும் கையில் எடுத்துப் போனோம். வாசலில் முகக்கவசம் அணிந்த ஒரு பெண் நம்மைத் தடுத்தாள். கண்களைப் பார்த்தே அடையாளம் கண்டோம். அந்தத் தாயின் மகளேதான்.

“மன்னிச்சிடுங்க ஃபாதர், பூ உள்ளே போகக்கூடாது. அதுல கிருமி இருக்கும்” என்றாள். மாலையை வெளியே வைத்தோம். அடுத்து, “உங்களுக்குச் சளி, இருமல், தொண்டை வலி ஏதாவது இருக்கா ஃபாதர்?” என்று கேட்டாள்.

இரண்டு நாட்களாக நமக்குத் தொண்டை கரகரத்துக்கொண்டிருந்தது. ‘இல்லை’ என்று சொல்லிவிட நா எழுந்தது. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறோமே, ஒரு குருவானவரைத் தடுப்பார்களா என்ற எண்ணந்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து எத்தனையோ பேரைக் கேள்வி கேட்ட நாம், அன்று ஒரு சிறு பெண் கேட்ட கேள்விக்கு விடை சொல்லத் தயங்கினோம். கடைசியில் உண்மையைச் சொன்னோம். “அப்படின்னா இங்கிருந்தே ஆசீர் கொடுங்க ஃபாதர்” என்று கண்ணாடிச் சன்னலைக் காட்டினாள். கண்ணாடிக்கு வெளியே நின்று சிலுவை அடையாளம் வரைந்தோம். சிறுவன் உள்ளிருந்து கையசைத்தான். நூற்றுவர் தலைவனின் ஊழியனை வீட்டிற்குள் போகாமலே ஆண்டவர் குணப்படுத்தியதை அப்போது நினைத்துக்கொண்டோம்.

அவள் உள்ளே போகுமுன் கை கழுவுவதையும் கண்டோம். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று முறையாகக் கழுவினாள். சோப்பு போட்டால் நாற்பது முதல் அறுபது விநாடி வரை கழுவவேண்டுமாம். அருள்நிறை மந்திரத்தை நிதானமாக இரண்டு மூன்று முறை சொல்லும் நேரம் அது. பூசையில் நாமும் கை கழுவுகிறோம். எத்தனை நாள் அதனை அவசர அவசரமாக முடித்திருக்கிறோம் என்று எண்ணி வெட்கினோம்.

வேலை முடிந்து வந்தவளிடம் கடிதத்தைப் பற்றிச் சொன்னோம். அவள் சற்று நேரம் மௌனமாயிருந்தாள். “அந்தப் பாப்பா போன அன்னைக்கு சிஸ்டர் எங்களை உட்கார வச்சுப் பேசினாங்க ஃபாதர். அவங்களும் அழுதாங்க. அப்புறம் அடுத்த அறைத் தம்பி, ‘அக்கா, லீவு முடிஞ்சு வருவீங்களா?’ன்னு கேட்டான். வர்றேன்னு சொல்லிட்டேன்” என்றாள். அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை அன்றிரவே கிழித்துவிட்டோம். மறுநாள் வந்த தாய், “பிள்ள மனசு ஒடஞ்சுபோனா யாரு சாமி பாக்குறது?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை, நீங்களும் நாமுந்தான். சத்திரக்காரருக்கும் சாய்ந்துகொள்ள ஒரு திண்ணை வேண்டும். விடுப்பில் வரும் பிள்ளையை, “விட்டுவிட்டு வா” என்றும் சொல்லாதீர்கள், “இதற்கெல்லாமா அழுவது?” என்றும் சொல்லாதீர்கள். சோறு போட்டு, அருகில் அமர்ந்து, சொல்வதைக் கேளுங்கள். தூக்கமின்மை நீடித்தால், பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் சொல்லி உதவி பெறச் செய்யுங்கள். அவள் தானே மாற்றம் வேண்டுமென்றால், அதிலும் இழிவில்லை.

மாணவ மாணவியரே, உங்களுக்கும் சில வார்த்தைகள். தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டாதீர்கள். ஐயம் எழுந்தால் உடனே மூத்தவரிடம் சொல்லுங்கள். உங்களுக்கே சளி கண்டால், வருகைப் பதிவு குறையுமே என்று மறைக்காதீர்கள். ஒரு நாள் பதிவைவிட ஓர் உயிர் பெரிது. ஊசி வலிக்காது என்று குழந்தையிடம் பொய் சொல்லாதீர்கள்; வலிக்கும், ஆனால் அக்கா கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். வார்டில் அறிந்த இரகசியங்களை ஊரில் பேசாதீர்கள்.

மஜ்ஜை கொடுக்கும் பிள்ளையை மறந்துவிடாதீர்கள். ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்த இருவருக்கு மஜ்ஜை முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பொருந்திவிட்டால், கொடுப்பவரும் பலமுறை ஒரு சிறு பிள்ளையாகவே இருப்பார். எல்லாருடைய கண்ணும் நோயாளியின்மேல் இருக்க, அந்தப் பிள்ளை பயத்தோடு ஒரு மூலையில் நிற்கும். சிகிச்சை பலிக்காவிட்டால் தன் மஜ்ஜைதான் கெட்டது என்று தன்னையே நொந்துகொள்ளும். தன் சகோதரனுக்குத் தான் என்ன காவலாளியா என்று காயின் கேட்டான். ஆம் என்று தன் எலும்பினாலேயே விடை சொல்லும் பிள்ளை இது. அதனிடம் இரண்டு நல்ல வார்த்தை பேசுங்கள்.

பங்கு மக்களாகிய நாமும் சும்மா இருக்கலாகாது. அந்த வார்டிலுள்ள குழந்தைகளுக்குத் தட்டணுக்கள் அடிக்கடி தேவை. அவற்றை ஐந்து நாட்களே சேமித்து வைக்கலாம். ஆகவே இரத்ததானம் திருவிழாவுக்கு ஒருமுறை செய்தால் போதாது. ஆண்டு முழுவதும் முறைவைத்துச் செய்ய வேண்டும். குடும்பத்தில் பொருத்தம் கிடைக்காதவர்க்காக, சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ போன்ற பதிவகங்கள் உள்ளன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுத்தால் பதிவு செய்துகொள்ளலாம். நம் இளைஞர் இயக்கத்தார் இதனை முன்னின்று நடத்தக் கேட்டுக்கொள்கிறோம். கூட்டமாகப் போய் நோயாளியைப் பார்க்கும் நம் பழக்கத்தையோ அந்த வார்டைப் பொறுத்தமட்டில் விட்டுவிடுவோம். கண்ணாடிக்கு வெளியே நின்று செய்யும் செபமும் இறைவனுக்குக் கேட்கும்.

செவிலியரின் பாதுகாவலராகிய புனித கமில்லஸ், காலில் ஆறாத புண்ணோடு பிறர் புண்ணை ஆற்றியவர். வலி அறியாத மனம் வேண்டுமென்று நாம் உங்களுக்காக மன்றாடவில்லை. வலித்தாலும் மறுநாள் காலையில் கைகழுவி உள்ளே போகும் மனத்தையே கேட்கிறோம். கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்த அச்சிறுவன் இன்று தன் வீட்டில் இருக்கிறான். மருந்தும் பரிசோதனையும் இன்னும் தொடருகின்றன. படம் வரைந்த அச்சிறுமியோ இறைவனிடம் இருக்கிறாள். இவ்விருவரையும் இன்றைய பொன்விழாத் திருப்பலியில் பீடத்தின்மேல் வைத்து மன்றாடுவோம்.

சத்திரக்காரரிடம் சமாரியன் ஒரு வாக்குக் கொடுத்துச் சென்றான்: அதிகமாகச் செலவானதைத் திரும்பி வரும்போது தான் தருவதாகச் சொன்னான். உங்கள் உறக்கமற்ற இரவுகளின் கணக்கு அவரிடம் இருக்கிறது. அவர் வருவார், குறைவின்றித் தருவார்.

இறைவன் உங்கள் கைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.