நோகவில்லை என்றாலும் காலைப் பாருங்கள்
(சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தினருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காணி உறுதி, கூரைத் தகரம், விதைநெல், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று உங்களுக்கு ஆயிரம் யோசனை இருக்கும். அவற்றின் நடுவே நான் காலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பற்றை வெட்டுவதும் கிணறு இறைப்பதும் இடிந்த வீட்டுக் கல்லை அகற்றுவதும் கால் நன்றாக இருந்தால்தான் நடக்கும். சலரோகம், சீனி வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவு உள்ள ஒருவருக்கு, வளவில் கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணியே காலை இழக்கக் காரணமாகலாம். நான் வைத்தியர் அல்ல. கிளினிக்கில் வைத்தியர்களும் தாதியர்களும் சொல்லும் விடயங்களையே உங்கள் நிலைமைக்கு ஏற்றபடி சொல்லப்போகிறேன்.

முதலில், ஏன் கால்? இரத்தத்தில் சீனி நீண்டகாலம் கூடி இருந்தால் இரண்டு கெடுதல்கள் நடக்கின்றன. ஒன்று, காலின் நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் எரிவு, விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு இருக்கும்; பிறகு உணர்ச்சியே குறைந்துவிடும். மற்றது, இரத்தக் குழாய்கள் ஒடுங்கி, காலுக்குப் போகும் இரத்தம் குறைகிறது. இதனால் முள் குத்தினாலும் தெரியாது. குத்திய இடமும் எளிதில் ஆறாது. சீனி கூடிய உடம்பில் கிருமியும் விரைவாகப் பரவும்.

“நோகேல்லை, சின்னக் காயம்தானே” என்று பலர் இருந்துவிடுவது இதனால்தான். மற்றவர்களுக்கு நோ ஒரு காவல்காரன். நொந்தால் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு அந்தக் காவல் இல்லை. ஆகவே கண்ணால்தான் காவல் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் வேலை முடிந்ததும் காலைக் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடிப்பாதம், குதிக்கால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடிப்பாதம் தெரியாவிட்டால் ஒரு சிறிய கண்ணாடியை நிலத்தில் வைத்துப் பாருங்கள். கண் பார்வை குறைந்த அம்மம்மா, குனிய முடியாத அப்பப்பா என்றால் வீட்டில் ஒரு பிள்ளை அந்தப் பொறுப்பை எடுக்கட்டும். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, வீக்கம், தோல் தடித்த இடம் ஏதும் புதிதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கழுவிய பிறகு விரல் இடுக்குகளில் ஈரம் இல்லாமல் துணியால் ஒற்றி எடுங்கள். வெடிக்கும் குதிக்காலுக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். விரல் இடுக்கில் பூச வேண்டாம், ஈரம் நின்று சேற்றுப்புண் வரும். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை ஆழமாக வெட்ட வேண்டாம். ஆணி, தடித்த தோல் இருந்தால் பிளேட்டால் சீவ வேண்டாம், கிளினிக்கில் காட்டுங்கள். கால் விறைக்கிறது என்று சுடுதண்ணீர் ஒத்தடமோ நெருப்புச் சூடோ பிடிக்க வேண்டாம். சூடும் தெரியாது, வெந்த பிறகுதான் தெரியவரும்.

கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவித்த காணிக்குள்ளும் தகரத் துண்டு, முட்கம்பி, போத்தல் ஓடு, பனங்கருக்கு, நெருஞ்சி எல்லாம் கிடக்கும். வளவுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். துப்புரவு வேலைக்குக் காலை மூடிய சப்பாத்து நல்லது. போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். கோவிலிலும் தேவாலயத்திலும் செருப்பைக் கழற்றத்தான் வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்கோ மடுத் திருவிழாவுக்கோ போகிறவர்கள் உச்சி வெயிலில் சுடுமணலில் நடப்பதைத் தவிர்த்து விடியற்காலையில் போகலாம். தீ மிதிக்கும் நேர்த்தி வைத்திருந்தால் அதற்குப் பதிலாக வேறொரு நேர்த்தியைச் செய்யுங்கள்.

காயம் கண்டுவிட்டால் என்ன செய்வது? கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான உலர்ந்த துணியால் மூடி, அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். ஆணி, கம்பி குத்தியிருந்தால் ஏற்பு ஊசி பற்றியும் கேளுங்கள். கோப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய், பச்சிலை எதையும் காயத்தில் வைக்க வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவை மறைத்துவிடும்.

புண் கறுத்தால், நாற்றம் வந்தால், சிதள் வடிந்தால், சிவப்பு மேலே ஏறினால், காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம். இரவென்றாலும் வாகனம் பிடித்துப் போங்கள்.

“ஆசுப்பத்திரிக்குப் போனால் காலை வெட்டிப்போடுவாங்கள்” என்ற பயம் எங்கள் சனத்திடம் இருக்கிறது. அந்தப் பயத்தால் வீட்டில் இருக்கும் நாட்களில்தான் கிருமி எலும்பு வரை போகிறது. நீரிழிவால் எடுக்கப்படும் கால்களில் பெரும்பாலானவை சிறிய புண்ணில் தொடங்கியவை. நேரத்துக்குப் போன புண்ணை மருந்து கட்டியும், சீனியைக் கட்டுப்படுத்தியும், பாரம் கொடுக்காமல் வைத்தும் ஆற்ற முடியும். இதில் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். அடிப்பாதத்தில் புண்ணோடு நடந்தால் ஒவ்வொரு அடியும் அந்தப் புண்ணைத் திரும்பத் திரும்ப நசுக்கும். எந்த மருந்தும் சரிவராது. அந்த நாட்களில் தண்ணீர் அள்ளுவதையும் விறகு பொறுக்குவதையும் வீட்டில் மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

போரில் ஒரு காலை இழந்தவர்களுக்குச் சீனி வருத்தமும் இருந்தால், மிஞ்சிய காலே உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. அதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். செயற்கைக் கால் உரசும் இடத்தையும் தினமும் பாருங்கள். அது இறுகினாலோ தளர்ந்தாலோ பஞ்சு வைத்துச் சமாளிக்காமல், யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடங்களில் காட்டிச் சரிசெய்யுங்கள்.

முகாமிலிருந்து புறப்படும் முன் கிளினிக் கொப்பியையும், இடமாற்றக் கடிதத்தையும், புது இடத்தில் பதியும்வரை போதுமான மருந்தையும் கேட்டு வாங்குங்கள். கொப்பி தொலைந்திருந்தால் மருந்துப் பைகளையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். தகரக் கொட்டிலின் சூடு இன்சுலினைப் பழுதாக்கும். தண்ணீர் உட்புகாதபடி மூடி, ஈரமணல் இட்ட மண்பானைக்குள் நிழலில் வையுங்கள். பீடி, சுருட்டு, சிகரெட் பிடிப்பவர்கள் நிறுத்தப் பாருங்கள். ஒடுங்கிய குழாயை அவை இன்னும் ஒடுக்குகின்றன.

எத்தனையோ வருடம் நடந்து, இடம்பெயர்ந்து, இப்போதுதான் சொந்த வளவில் கால் வைக்கிறீர்கள். இன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் காலைக் கழுவி ஒருமுறை பாருங்கள். ஏதும் கண்டால் நாளைக் காலையில் முதல் வேலை வைத்தியசாலைக்குப் போவதாக இருக்கட்டும்.