ஒற்றைக் குஞ்சுக்கு ஒரு துணை



இப்போது பல வீடுகளில் சிறிய இன்குபேட்டர்கள் வந்துவிட்டன. அடைக்கோழி அமையாதபோது முட்டைகளை அதில் வைக்கிறார்கள். 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அளவான ஈரப்பதமும் இருந்து, முட்டைகளைத் தினமும் சில முறை திருப்பியும் விட்டால் 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். ஆனால் சில நேரம் வைத்த முட்டைகளெல்லாம் கூமுட்டையாகி, ஒன்றே ஒன்று மட்டும் ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அந்த ஒற்றைக் குஞ்சுக்கு நாம் ஒரு குறையும் வைப்பதில்லை. அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே பல்பைத் தொங்கவிடுகிறோம். முதல் வாரம் 35 டிகிரி சூடு, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி அளவு குறைக்கிறோம். தீவனமும் தண்ணீரும் இருக்கின்றன. பூனையும் காகமும் அண்ட முடியாது. ஆனாலும் அது ஓயாமல் கத்துகிறது. ஏன்?

பொரிப்பதற்கு முந்தைய நாளே, முட்டைக்குள் இருந்தபடி குஞ்சு குரல் கொடுக்கத் தொடங்கிவிடும். அடையில் இருக்கும் தாய்க்கோழி அதற்குப் பதில் குரல் கொடுக்கும். பிறக்கும் முன்பே பதிலுக்குக் காத்திருக்கிற உயிர் அது. இன்குபேட்டர் சூடு தரும், பதில் தராது.

சிலர் பெட்டிக்குள் கண்ணாடி வைப்பார்கள். தன் உருவத்தைப் பார்த்துக் குஞ்சு கொஞ்ச நேரம் அடங்கும். சிலர் துணிப் பொம்மை வைப்பார்கள். அதை ஒட்டிப் படுத்துத் தூங்கும். ஆனால் எப்படி இரை கொத்துவது என்று பொம்மை காட்டிக்கொடுக்காது.

இன்னும் சிலர் தாங்களே தாயாகிவிடுவார்கள். பிறந்தவுடன் பார்க்கிறவரையே தாயென்று எண்ணிப் பின்தொடர்வது கோழி, வாத்து போன்ற பறவைக் குஞ்சுகளின் இயல்பு. 1973இல் நோபல் பரிசு பெற்ற கான்ராட் லோரன்ஸ் என்ற அறிஞரின் பின்னால் காட்டு வாத்துக் குஞ்சுகள் வரிசையாக நடந்தன. நம் காலைச் சுற்றி ஒரு குஞ்சு ஓடி வந்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நாம் வேலைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும். பெட்டிக்குள் மறுபடியும் அழுகை.

ஆகவே, விவரம் தெரிந்தவர்கள் அதற்குத் துணை தேடுகிறார்கள். அதே வயதுள்ள ஒன்றிரண்டு குஞ்சுகளை வாங்கி விடுவார்கள். அல்லது, அப்போதுதான் பொரித்த அடைக்கோழியின் சிறகுக்குள் இருட்டியபின் மெதுவாகச் செருகிவிட்டு, விடிந்ததும் அது ஏற்றுக்கொண்டதா, கொத்துகிறதா என்று பார்ப்பார்கள். குஞ்சு சற்று வளர்ந்துவிட்டால், இடையில் கம்பிவலை வைத்துச் சில நாள்கள் ஒன்றையொன்று பார்க்கவிட்டே சேர்ப்பார்கள். அவசரப்பட்டால் மற்றவை புதியதைக் கொத்திக் காயப்படுத்திவிடும்.

அன்பானவர்களே, தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஏதேனில் முதல் மனிதனுக்குக் கனி இருந்தது, ஆறு இருந்தது, செய்ய வேலையும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கடவுளே உடன் இருந்தார். ஆனாலும் மனிதன் தனித்திருப்பது நல்லதல்ல என்று கண்டவர் அந்தக் கடவுள்தான். “நான் இருக்கிறேனே, அது போதாதா?” என்று அவர் கேட்கவில்லை. துணையைத் தேடித் தந்தார்.

நாமோ அந்தக் கேள்வியைக் கடவுளின் பெயரால் கேட்டுவிடுகிறோம். கணவரை இழந்து தனியே வாழும் தாய் ஒருவர். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார். சாப்பாடு வீட்டுக்கே வருகிறது. மாலையில் செல்பேசித் திரையில் பேரப்பிள்ளையின் முகம் தெரிகிறது. சூடு, தீவனம், கண்ணாடி எல்லாம் உண்டு. “ஆண்டவர் துணை இருக்கிறார், அம்மா” என்று சொல்லிவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஆண்டவர் நம்மையல்லவா அவரிடம் அனுப்பினார்!

எருசலேமுக்காக வருந்திய இயேசு, குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் கோழிக்குத் தம்மை ஒப்பிட்டார். அந்தச் சிறகுக்குள் குஞ்சு தாயை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பதில்லை; பக்கத்தில் இருக்கும் குஞ்சையும் தொட்டுக்கொண்டிருக்கிறது. திருச்சபை என்பது அதுதான்.

இந்த வாரம் உங்கள் அன்பியத்தில் அப்படி ஒருவரைத் தேடுங்கள். முதல் நாளே கூட்டத்துக்கு இழுத்து வராதீர்கள். அவர் வயதையொத்த ஒருவரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போங்கள். சேர்ந்து செபமாலை சொல்லுங்கள். சில வாரங்கள் கழித்து அன்பியக் கூட்டத்தை அவர் வீட்டுத் திண்ணையிலேயே வைக்கலாமா என்று கேளுங்கள்.

இன்னொன்று. துணை கிடைத்த குஞ்சு நம் கையைத் தேடி ஓடி வருவதைக் குறைத்துக்கொள்ளும். அன்று வருந்தாதீர்கள். நாம் வளர்த்தது அதற்காகத்தான்.

தனித்திருப்போரைத் தேடிச் செல்லும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.