பட்டாளத்துச் சம்பளமும் வீட்டுக் கணக்கும்

(கிராம ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



யுத்தங்களைப் பற்றிய புத்தகங்களில் தளகர்த்தர்களின் பெயர்களையும் வெற்றி தோல்விகளையும் நாம் மிகுதியாகக் காண்கிறோம். சண்டைக்குப் போன சாதாரணச் சிப்பாயின் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை அவை கூறுவதில்லை. அங்கத்தினர்களாகிய நமக்கு அதுவே முக்கியமான விஷயம். ஆகையால் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துச் சிப்பாயின் குடும்பம் எப்படி வாழ்ந்தது, எந்த இடத்தில் அது இடறி விழுந்தது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

பழைய சென்னைப் பட்டாளத்தில் ஒரு விசேஷ வழக்கம் இருந்தது. வங்காளத்துச் சிப்பாய் தன் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டுத் தனியே சென்றான். சென்னைச் சிப்பாயோ மனைவி மக்களுடன் பட்டாள லயன்களிலேயே குடியிருந்தான். படை இடம் மாறும்போது குடும்பமும் மூட்டை முடிச்சுகளுடன் பின்தொடர்ந்தது. சிப்பாய்களின் பிள்ளைகளைச் சிறு சம்பளத்தில் பட்டாளத்திலேயே பேர் பதிந்து வளர்ப்பதும் உண்டு. 1824-ல் பர்மா யுத்தத்துக்காகச் சென்னைப் படைகள் கப்பலேறி ரங்கூனுக்குச் சென்றபோது, பீரங்கியால் மாண்டவரைவிட நோயால் மாண்டவரே அதிகம். கடல் கடந்து செல்லும் சிப்பாய் தன் சம்பளத்தில் ஒரு பகுதியை இங்கேயுள்ள குடும்பத்துக்குக் கொடுக்குமாறு எழுதி வைப்பதற்கு அக்காலத்திலேயே ஏற்பாடு இருந்தது. அந்தக் குடும்பச் சீட்டுத்தான் பின்தங்கிய மனைவிக்குப் பிடிமானம்.

அந்தச் சம்பளம் எவ்வளவு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதியும் காலாட் சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய். 1895-ல் 9 ரூபாயாயிற்று. 1914-ல் மகா யுத்தம் தொடங்கிய சமயம் 11 ரூபாய். கூலி வேலை வருஷத்தில் சில மாதங்களே கிடைத்த காலத்தில், மாதந் தவறாமல் வரும் 11 ரூபாய் பெரிய ஆதரவு என்பதில் சந்தேகமில்லை. கிராமத்தில் தாழ்த்தப்பட்டிருந்த மக்கள் பலருக்குப் பட்டாளம் சம்பளத்துடன் ஓரளவு மரியாதையையும், பிள்ளைகளுக்குப் படிப்பையும் கொடுத்தது. டாக்டர் அம்பேத்கர் 1891-ல் மௌ என்னும் பட்டாள நகரில், ஒரு சுபேதாரின் மகனாகப் பிறந்தவர் என்பதை இங்கே நினைவு கூரலாம்.

ஆனால் இந்த வாயில் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1857-க்குப் பின்னர், சில வகுப்பாரே வீர மரபினர் என்னும் கொள்கை ஓங்கியது. சென்னைப் படைக்கும், பின்னர் இந்தியப் படை முழுவதுக்கும் தலைவராயிருந்த ராபர்ட்ஸ் பிரபு அக்கொள்கையில் உறுதியுடையவர். சென்னைக் காலாட் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டன. 1780-ல் தோற்றங்கொண்ட சென்னை சாப்பர் படை நிலைத்து நின்றதாயினும், தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்தை நம்பியிருந்த பல குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேட நேர்ந்தது. யுத்தம் வந்தால் ஆள் வேண்டும் என்பார்கள். யுத்தம் முடிந்தால் போகலாம் என்பார்கள். ஒரே சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிய குடும்பத்துக்கு இது எத்தகைய ஆபத்து என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். சிப்பாய் ஒருவன் மாதம் 6 ரூபாய் மணியார்டர் அனுப்புவதாக உதாரணத்துக்கு வைத்துக் கொள்வோம். தபாலாபீஸ் மணியார்டர் 1880-ல் ஏற்பட்டது. அதற்கு முன் பணம் வந்து சேருவதே பெரும்பாடு. தங்கையின் கலியாணத்துக்காகச் சிப்பாயின் தகப்பனார் 100 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். வட்டி ரூபாய்க்கு மாதம் அரையணா. நூறு ரூபாய்க்கு மாதம் 50 அணா, அதாவது 3 ரூபாய் 2 அணா வட்டிக்கே போய்விடுகிறது. வீட்டிற்கு மிஞ்சுவது 2 ரூபாய் 14 அணா. அசல் அப்படியே நிற்கிறது. மகன் பாலைவனத்தில் வெயிலில் நின்று சம்பாதித்ததில் பாதிக்கு மேற்பட்டது லேவாதேவிக்காரர் பெட்டிக்குப் போயிற்று என்பதே இதன் பொருள்.

அதே 100 ரூபாயை ரூபாய்க்கு மாதம் ஒன்றரைத் தம்படி வட்டிக்கு நாணய சங்கத்தில் வாங்கியிருந்தால் மாத வட்டி 12½ அணாதான். வீட்டிற்கு 5 ரூபாய் 3½ அணா மிஞ்சும். அதில் மாதம் 2 ரூபாய் அசலுக்குக் கட்டினாலும் முன்னிலும் சற்று மிகுதியாகவே கையில் நிற்கும். சில வருஷங்களில் கடனும் தீரும். 1904-ம் வருஷத்துச் சட்டத்தின்படி நம் மாகாணத்தில் சங்கங்கள் தோன்றலாயின. ஆயினும் சிப்பாயின் மனைவிக்கு அவற்றின் கதவு எளிதில் திறக்கவில்லை. நிலமும் அங்கத்தினர் பெயரும் புருஷனுடையவை. அவனோ கடலுக்கு அப்பால். கையெழுத்திட ஆளில்லை, ஜாமீன் நிற்பாரும் அரியர். பணம் சம்பாதிப்பவன் ஓரிடத்திலும் குடும்பம் நடத்துபவள் வேறோரிடத்திலும் இருந்தால், கணக்கில் அவள் பெயரும் இருக்க வேண்டும் என்னும் பாடத்தை நாம் இதிலிருந்து கற்றுக் கொள்ள வேண்டும்.

முதல் மகா யுத்தத்தில் இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரே பெரும்பாலோர். ஆகவே படையில் எழுதத் தெரிந்தவர் கடிதம் எழுத, தணிக்கை அதிகாரி அதைப் பார்வையிட, ஊரிலே வாத்தியாரோ தபால்காரரோ படித்துச் சொல்ல, மனைவி கேட்பாள். குடும்ப ரகசியம் இத்தனை பேர் காதைக் கடந்து வந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே விட்டவர்கள் எத்தனை பேரோ!

இரண்டாம் மகா யுத்தத்தில் சேர்ந்தோர் தொகை சுமார் 25 லட்சம். மாண்டோர் சுமார் 87,000. சென்னை மாகாணத்தாருக்கு வாயில் மறுபடியும் அகலத் திறந்தது. ஆனால் 1942-ல் பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து அரிசி வருவது நின்றது; விலை ஏறிற்று. மணியார்டர் தொகையோ அரிசி விலையைப் போல் ஏறவில்லை. யுத்தம் முடிந்ததும் லட்சக்கணக்கானோர் விடுவிக்கப்பட்டனர். நீண்ட காலம் பணி புரிந்தோருக்கே உபகாரச் சம்பளம் உண்டாகையால், யுத்த காலத்தில் மட்டும் சேவை செய்தவர்களில் மிகப் பலர் அது இல்லாமலே ஊர் திரும்பினர். அவர்களுள் சிலருக்கு நிலம் கொடுத்துக் கூட்டுறவுக் குடியேற்றச் சங்கங்களும் நம் மாகாணத்தில் அமைக்கப்பட்டன.

திரும்பாதவர்களின் நிலை என்ன? மெஸபொட்டேமியாவில் இறந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 40,000-க்கும் மேற்பட்டோருக்காக பஸ்ராவில் 1929-ல் ஒரு நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்களும் இந்திய உத்தியோகஸ்தர்களின் பெயர்களும் வெட்டப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயருக்குக் கீழே இத்தனை பேர் என்னும் எண்ணிக்கை மட்டுமே! இந்த வேற்றுமையை ஆராய்ந்து, காமன்வெல்த் யுத்தக் கல்லறைக் கமிஷன் 2021-ல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஆயினும் கல்லில் வெட்டப்படாத பெயர்கள் ஏட்டில் இருந்தன. அதனால்தான் பின்னாளில் அவற்றை அக்கமிஷனின் பதிவேட்டில் சேர்க்க முடிந்தது.

அன்பர்களே, ஏட்டிலுள்ள பெயர் எவ்வளவு வலிமையுடையதோ, பிழையாக எழுதிய பெயர் அவ்வளவு தீங்குடையது. பட்டாளத்தில் சேரும் நாளில் எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரையும் ஊரையும் எழுதிக் கொள்வார். ஊரில் ஒரு பெயர், ஏட்டில் வேறு பெயர். சேர்ந்த பின் கலியாணம் செய்து கொண்டவன் மனைவியின் பெயரைப் பதியாமல் விட்டிருப்பான். அவன் இறந்தபின் அந்த விதவை, தானே இன்னாரின் மனைவி என்பதற்குச் சாட்சி தேடித் தாலுகா கச்சேரிக்கு நடக்க வேண்டும். உரிமை இருந்தும் உபகாரச் சம்பளம் கிட்டாமல் போவதற்கு ஓர் எழுத்துப் பிழை போதுமானது.

ஆகையால் நான் கேட்டுக் கொள்வது மூன்றே காரியங்கள். முதலாவது, உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் பட்டாள விடுதலைப் பத்திரமோ, பதக்கமோ, உபகாரச் சம்பளப் புத்தகமோ இருந்தால் அதைக் கறையானுக்குக் கொடாதீர்கள். அதிலுள்ள நம்பரையும் படைப்பிரிவின் பெயரையும் தனியே எழுதி வையுங்கள். ஜில்லாவின் முன்னாள் படைவீரர் நல ஆபீஸில் காட்டி விசாரியுங்கள். இரண்டாவது, சங்கப் பேரேட்டில் ஒவ்வோர் அங்கத்தினரும் தமக்குப்பின் பணம் பெற உரியவர் பெயரைப் பதிந்திருக்கிறாரா என்று காரியதரிசி வருஷந்தோறும் சரிபார்க்கட்டும். கலியாணமோ மரணமோ நேர்ந்த வீட்டில் அதை உடனே திருத்தட்டும். மூன்றாவது, ராணுவத்துக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போகும் இளைஞர் தம் மனைவியையோ தாயாரையோ சங்கத்தில் அங்கத்தினராக்கிவிட்டுப் புறப்படட்டும்.

அன்றைய சிப்பாய்க்கு உயிரைப் பற்றிய நிச்சயம் கிடையாது. குடும்பத்தைப் பற்றிய நிச்சயத்தையாவது நாலு வரி எழுத்து கொடுத்திருக்கும்; பலருக்கு அதுவும் வாய்க்கவில்லை. நம் சங்கத்தைச் சேர்ந்த எந்தக் குடும்பத்துக்கும் அக்குறை நேராதபடி, இம்மாத நிர்வாக சபைக் கூட்டத்திலேயே பேரேட்டைப் பிரித்து வேலையைத் தொடங்குமாறு வேண்டிக் கொண்டு, என் பிரசங்கத்தை முடித்துக் கொள்கிறேன்.